கூட்டக் குறிப்பு

செவ்வாய்க்கிழமை, மாலை ஏழரை.
ஸ்வோல்லே நகரசபை, இரண்டாம் மாடி, சிறிய அறை.
தலைப்பு: தலைக்கவசம்.
சைக்கிளில் போகிறவர்களுக்குப்
பாதி விலையில் கொடுக்கலாமா, வேண்டாமா.

குறிப்பெடுப்பது நான்.
பதினோரு வருடமாக இந்த ஊர் பேசுவதையெல்லாம்
யாரும் பேசாத மாதிரி சுருக்கி எழுதுகிறேன்.

கோட்டு மாட்டும் கம்பியில்
நாற்பத்திரண்டு ஈரக் கோட்டுகள். எண்ணினேன்,
வேலை அப்படி.
நடுவே கவசம் இரண்டே இரண்டு.
அதில் ஒன்று குழந்தையுடையது, டைனோசர் போட்டது.
ஒருவரைத் தவிர எல்லோரும்
சைக்கிளில்தான் வந்திருந்தார்கள்.

முதலில் லாம்மெர்ட் ஊஸ்டிங், சைக்கிள் கடைக்காரர்.
கிரீஸ் போகாத நகங்களை
மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:
"இதை மாட்டிவிட்டால் விழுந்தது என் குற்றம்.
இடித்த காருக்கு எதை மாட்டுவீர்கள்?
பால் லாரி வளைவில் திரும்பும்போது
இந்தத் தெர்மகோல் கிண்ணம் என்ன செய்யும்?
பாதையை அகலமாக்குங்கள்."
கைதட்டலைக் குறிக்கலாம் என்று விதி இருக்கிறது.
குறித்தேன்.

ஹிங்கெ வெயென்பெர்க், நரம்பியல் பிரிவு, இரவுப் பணி.
கோட்டைக் கழற்றவே இல்லை.
"என் கட்டில்களில் கிடப்பவர்களில் பாதிப் பேரை
யாரும் இடிக்கவில்லை.
ஈர இலை. கல் விளிம்பு. கைப்பிடியில் தொங்கிய மளிகைப் பை.
எழுபது வயதுக்கு பேட்டரி வேகம் கொடுக்கிறது,
மண்டையோடு அதே பழைய மண்டையோடு."

கட்டாயமாக்கினால் பாதி ஊர் காருக்குப் போய்விடும்,
தலையைக் காப்பாற்றி இதயத்தைத் தொலைப்போம் என்றாள் ஒரு மாணவி.
கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை என்றார் தலைவர்.
இன்னும் சொல்லவில்லை, என்றது பின்வரிசை.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டுமே, என்றது இன்னொரு குரல்.
தலையெழுத்துக்கு எந்த அளவுத் தலைப்பாகை? என்றது மூன்றாவது.
சிரிப்பைக் குறிக்க விதி இல்லை.

பிறகு பஸ்ஸில் வந்தவர் எழுந்தார்.
வூப்போ தெர் ஹார்,
கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலை பார்த்தவர்.
ஆளுக்கு இரண்டு நிமிடம்.
"மூன்று வருடம். இலை," என்றார்.
"கரண்டி என்ற சொல் போன மாதம் திரும்பி வந்தது.
எனக்கு இல்லாமல் போனது... அது...
அது..."
நெற்றியிலிருந்து பிடரி வரை
விரல்களை விரித்து ஓட்டிக் காட்டினார்.
கவசமா? என்று எடுத்துக்கொடுத்தார் ஊஸ்டிங்.
இல்லை.
ஹிங்கெ வாயைத் திறந்து மூடிக்கொண்டாள்.
சொல்லைத் தரக்கூடாது என்பது அவள் படித்த படிப்பு.
நேரம் முடிந்த சிவப்பு விளக்கு எரிந்தது.
தலைவர் தன் காகிதத்தால் அதை மூடினார்.

மழை ஜன்னலில் நகர்ந்தது.

"காற்று," என்றார்.
உட்கார்ந்துவிட்டார்.

எந்தப் பக்கத்துக்குக் கைதட்டுவது?
படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான்: ஆதரவு, எதிர்ப்பு.
அவர் பெயருக்கு எதிரே பேனாவை வைத்தேன்,
ஒரு புள்ளி விழுந்தது.
முடிவு ஒத்திவைக்கப்பட்டது.
அதை மட்டும் அழகாக எழுதினேன்.

என் பையில் ஒரு கவசம் நான்கு வருடமாக இருக்கிறது,
விலைச்சீட்டு கிழியாமல்.
இன்றைக்கு அதை எடுத்து மாட்டினேன்.
சீட்டு காதில் உரசியது.
ஆற்றுப்பாலம் ஏறும்போது எதிர்காற்று வந்தது,
ஒரு கையால் கழற்றினேன்.
முடி முழுக்கப் பின்னால் போயிற்று,
அவர் காட்டிய அதே வழியில்.
பாலம் இறங்கும் இடத்தில் இலைகள்.
மறுபடி மாட்டினேன்.

பின்னால் வந்த பையன் மணியடித்துக் கத்தினான்:
"போடுங்கள், இல்லை போடாதீர்கள்,
கையை மட்டும் கைப்பிடியில் வையுங்கள்!"

இன்று நடந்த வாதத்தில்
ஒரு வரியில் அடங்கியது அது ஒன்றுதான்.
ஆனால் சொன்னவன் பெயர் தெரியாது,
கூட்டமும் முடிந்துவிட்டது.

நாளை ஒன்பது மணிக்குள் படிவம் போக வேண்டும்.
புள்ளி காய்ந்திருக்கும்.